என் லேப்டாப்பில் ஓடுகிறது, மண்டி சிஸ்டத்தில் திறக்கவில்லை – அவசரம்

ஈரோட்டுத்தம்பி:
வணக்கம். மஞ்சள் மண்டிக்குக் கமிஷன் பில் போடும் மென்பொருள் எழுதியிருக்கிறேன். இன்ஸ்டாலர் செய்து பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டேன். இன்ஸ்டால் ஆகிறது, திறந்தால் ஏதோ டிஎல்எல் (மென்பொருள் ஓட வேண்டிய துணைக் கோப்பு) இல்லை என்கிறது. நாளைக் காலை ஏலத்துக்கு முன்னால் வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

பவானிக்காரன்:
எந்த மொழி? எந்த விண்டோஸ்? எந்த டிஎல்எல்?

நொய்யல்கரை:
ஆன்டிவைரஸ்தான். பைஇன்ஸ்டாலரில் (பைத்தானில் எழுதியதை விண்டோஸில் நேராக ஓடும் கோப்பாகக் கட்டும் கருவி) ஒரே கோப்பாகக் கட்டினால், திறக்கும்போதெல்லாம் டெம்ப் போல்டரில் பிரித்துப் போட்டுத்தான் ஓடும். அதைப் பிடித்துக்கொள்ளும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு இதேதான் ஆனது. தனி போல்டராகக் கட்டுங்கள்.

பவானிக்காரன்:
பைத்தான் என்று அவர் இன்னும் சொல்லவே இல்லையே?

பழையகணக்கு:
ஏனுங்க தம்பி, மாட்டுக்குச் சரியில்லை என்று மட்டும் சொன்னால் மாட்டு டாக்டர் எந்த ஊசி போடுவார்? இங்கே வருகிற பாதிப் பேர் இப்படித்தான். பிழைச் செய்தியை எழுத்து மாறாமல் போடுங்கள்.

ஈரோட்டுத்தம்பி:
மன்னிச்சுக்குங்க அண்ணா. பைத்தான் 3.11, பைஇன்ஸ்டாலர், அதற்கு மேல் இன்ஸ்டாலர் செய்ய இன்னோ செட்டப். மண்டியில் விண்டோஸ் 7. 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்-எல்1-1-0.டிஎல்எல்' இல்லை என்று வருகிறது.

நொய்யல்கரை:
அந்த டிஎல்எல்லை நெட்டில் இறக்கி விண்டோஸின் சிஸ்டம்32 போல்டரில் போட்டுப் பாருங்கள்.

பழையகணக்கு:
போடாதீர்கள். ஊர்பேர் தெரியாத தளத்தின் டிஎல்எல்லை மண்டிக் கணக்கு இருக்கிற சிஸ்டத்தில் போடுவதா? பைத்தான் 3.9-லிருந்தே விண்டோஸ் 7-ல் ஓடாது. பைஇன்ஸ்டாலர் நீங்கள் வைத்திருக்கும் பைத்தானைத்தான் உள்ளே வைத்துக் கட்டும். 3.8.10 போடுங்கள், விண்டோஸுக்கு இன்ஸ்டாலரோடு வந்த கடைசி 3.8 அதுதான். நீங்கள் பயன்படுத்தும் பைத்தான் நூலகங்களையும் (லைப்ரரி) அதற்கேற்ற பதிப்பில் போட்டு, முதலிலிருந்து கட்டுங்கள். 32 பிட், 64 பிட் கவலை வேண்டாம். அது பொருந்தாமல் இருந்தால் இந்த டிஎல்எல் செய்தி வரைக்கும் வந்தே இருக்காது.

பவானிக்காரன்:
டேட்டா கோப்பு எங்கே இருக்கிறது? புரோகிராம் ஃபைல்ஸில் என்றால், அட்மின் இல்லாத குமாஸ்தா பில்லைச் சேமிக்கும்போது எழுத விடாது. புரோகிராம்டேட்டாவில் ஒரு போல்டர் உண்டாக்கி, எல்லோரும் எழுத அனுமதி கொடுங்கள். இன்னோ செட்டப்பிலேயே செய்யலாம்.

காளிங்கராயன்வாய்க்கால்:
முதலில் அந்த விண்டோஸ் 7-ஐ மாற்றச் சொல்லுங்கள். 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு நின்றுவிட்டது.

பவானிக்காரன்:
மாற்றினால் அங்கே இருக்கிற பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு டிரைவர் யார் தேடுவது? கார்பன் வைத்து மூன்று காப்பி எடுக்கிறார்கள், விவசாயிக்கு ஒன்று, வியாபாரிக்கு ஒன்று. லேசரில் அது வராது.

காளிங்கராயன்வாய்க்கால்:
மூன்று தடவை அடித்தால் ஆயிற்று. ஓட்டை சிஸ்டத்தில் விவசாயி கணக்கை வைப்பதுதான் தப்பு.

பவானிக்காரன்:
ஏலம் முடிந்து ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது மூன்று தடவை அடித்துப் பாருங்கள், தெரியும். நெட்டைப் பிடுங்கிவிட்டால் போதும்.

ஈரோட்டுத்தம்பி:
3.8.10-ல் கட்டினேன், திறந்துவிட்டது. டேட்டாவையும் மாற்றிவிட்டேன். முதல் பில் அடித்தாயிற்று, விரலி 14 மூட்டை, கிழங்கு 3. ரொம்ப நன்றிங்ண்ணா. ஏலத்துக்குக் கிளம்புகிறேன்.

கோபிக்கடை:
தம்பி, பைஇன்ஸ்டாலர் எந்தப் பதிப்பு போட்டீர்கள்? எங்கள் கடையிலும் விண்டோஸ் 7தான்.