போரில் ஜெயித்துவிடுகிறேன், அதற்கப்புறம் ஆட்டமே சலித்துவிடுகிறது: அரசியல் கனமாக இருக்கும் வியூக ஆட்டம் எது?

கோட்டைவாசல் கேட்டது:

வணக்கம். பத்து வருடத்துக்கு மேலாக வியூக ஆட்டங்கள் மட்டும்தான் ஆடுகிறேன். சிவிலைசேஷன் 5, அப்புறம் 6, டோட்டல் வார் வரிசையில் ஷோகன் 2, ரோம் 2. எல்லாவற்றிலும் ஒரே கதைதான். முதல் நூறு டர்ன் (ஆட்டத்தில் ஒவ்வொருவர் முறையும் வந்து போகும் ஒரு சுற்று) தூக்கம் வராது, ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு படையும் கணக்கு. பக்கத்து நாட்டுக்காரனை ஒருமுறை உடைத்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு யாரும் என்னைத் தடுக்க முடியாது. மீதி இருநூறு டர்ன் வெறும் கிளிக் வேலை. பாதியில் நின்றுபோன சேவ் ஃபைல்கள் மட்டும் முப்பதுக்கு மேல் கிடக்கின்றன.

எனக்கு வேண்டியது, போருக்கு முன்னும் பின்னும் இருக்கும் அரசியல் உண்மையிலேயே கழுத்தைப் பிடிக்கிற ஆட்டம். சிவிலைசேஷன் 6-இல் 2019-இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்துக்குப் பிறகு மனக்குறைப் புள்ளிகள், அதாவது நாம் செய்த அநியாயத்துக்கு மற்ற நாடுகள் வைக்கும் கணக்கு, ஏறுகின்றன, சரி. முதலில் பகிரங்கமாகக் கண்டித்து, ஐந்து டர்ன் பொறுத்து, முறைப்படி போர் அறிவித்தால் கெட்ட பெயர் குறைகிறது, அதுவும் சரி. ஆனால் நான் நான்கு நகரத்தைப் பிடித்துவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தப் புள்ளிகள் தானாகக் கரைந்துபோகின்றன. ஊரை இழந்தவன் அப்படி மறப்பானா?

இரண்டாம் உலகப் போரை வைத்து வந்த ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4, அப்புறம் யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4, விக்டோரியா 3 மூன்றும் விஷ்லிஸ்ட்டில் இருக்கின்றன. தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதிகளான டிஎல்சி பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எல்லாம் சேர்த்த மூட்டையாக வாங்குவதா, அடிப்படை ஆட்டம் மட்டும் போதுமா? இதற்கு முன் ஒரு ஆட்டத்தை முன்பதிவில் வாங்கி, வந்த அன்றே படைகள் சுவரில் முட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து நொந்தவன், அதனால்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. செய்திகளில் நிஜப் போர் ஓடிக்கொண்டிருக்கும்போது வரைபடத்தில் அம்புக்குறி இழுத்து டிவிஷன்களை நகர்த்துவது சில இரவுகளில் உறுத்துகிறது. உங்களுக்கு அப்படி இருந்ததுண்டா?

தண்டவாளம் எழுதியது:

ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். 2016-இல் வந்த நாளிலிருந்து ஆடுகிறேன். போர் என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்ததே அதுதான், அதிலும் 2021-இல் நோ ஸ்டெப் பேக் விரிவாக்கம் வந்து சப்ளை முறையை மாற்றிய பிறகு.

ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். ஜெர்மனியாக ஆடி 1941 ஜூனில் சோவியத் எல்லையைத் தாண்டினேன். முதல் ஆறு வாரம் வெண்ணெயில் கத்தி இறங்கியது போல. கீவ் விழுந்தது, ஸ்மோலென்ஸ்க் விழுந்தது. அப்புறம் டாங்கி டிவிஷன்கள் மேல் ஒரு சின்னச் சிவப்புக் குறி வந்தது. கவனிக்கவில்லை. ஒரு வாரத்தில் அதே குறி இருபது டிவிஷன்களில். பிடித்த ஊர்களின் சப்ளை மையம் உடனே வேலை செய்யாது, தண்டவாளம் சேதமாகியிருக்கும், லாரிகளை அனுப்பலாம் என்று பார்த்தால் கையிருப்பில் லாரியே இல்லை, ஏனென்றால் தொழிற்சாலைகளையெல்லாம் டாங்கிக்குத் திருப்பிவிட்டிருந்தேன். டாங்கி இருக்கிறது, ஆள் இருக்கிறான், எரிபொருள் பின்னால் எங்கோ ரயிலில் நிற்கிறது. எதிரி ஒரு அடிகூட முன்னால் வராமலே என் படை தேய்ந்தது.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் நிஜ வரலாற்றைத் தேடிப் படித்தேன். சோவியத் தண்டவாளம் ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டரைவிட அகலம், அதனால் ஜெர்மானியர்கள் பிடித்த பாதைகளை மாற்றிப் போட்டுக்கொண்டேதான் முன்னேற வேண்டியிருந்தது. டாங்கிப் படை என்று பேர் பெற்ற அந்த ராணுவம் 6 லட்சத்துக்கும் அதிகமான குதிரைகளோடு உள்ளே போனது. ஸ்டாலின்கிராடில் சிக்கிய 6-ஆம் படைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் சரக்காவது விமானத்தில் வர வேண்டும் என்றார்கள், சராசரியாக வந்தது அதில் பாதிகூட இல்லை. 1943 பிப்ரவரி 2-இல் அந்தப் படையின் கடைசிப் பகுதியும் சரணடைந்தது. எல்லாம் அகலக்கால் வைத்ததன் விலை.

நீங்கள் சொல்லும் "பாதியில் சலிப்பு" இதில் வராது, ஏனென்றால் பெரிய நாடாக ஆக, தூக்க வேண்டிய சுமையும் கூடிக்கொண்டே போகும்.

நடுவழி எழுதியது:

தண்டவாளம் அண்ணா சொன்ன சப்ளை விஷயம் அத்தனையும் உண்மை. ஆனால் அவர் கேட்டது அரசியல். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் அரசியல் என்பது போருக்கு ஏணி, அவ்வளவுதான். அரசியல் புள்ளி சேர்த்து, காரணம் ஜோடித்து, பொத்தானை அழுத்தினால் போர். போர் வேண்டாம் என்று யாரும் அந்த ஆட்டத்தைத் திறப்பதில்லை. முழு உலகப் போர் ஓடி முடிந்த பிறகு வரும் சமாதான மாநாட்டில், பந்தியில் இலை போட்டது மாதிரி நாடுகளைப் பங்கு பிரிக்கிறோம். எனக்கு அது பெரிய குறை.

கோட்டைவாசல், உங்களுக்கு விக்டோரியா 3. 1836-லிருந்து 1936 வரை. அதில் போரை நேரடியாக அறிவிக்கவே முடியாது. முதலில் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும், உடனே நெருக்கடி தொடங்கிவிடும். நாள் ஓட ஓட இரண்டு பக்கமும் கோரிக்கைகளைக் கூட்டலாம், வல்லரசுகளை வாக்குறுதி கொடுத்து இழுக்கலாம், கடைசி நேரத்தில் யாராவது பின்வாங்கினால் முக்கியக் கோரிக்கையை விட்டுக்கொடுத்துவிட்டுப் போரில்லாமல் முடியும்.

நான் பிரஷ்யாவாக ஆஸ்திரியாவிடம் ஒரே ஒரு மாகாணம் கேட்டேன். சின்ன விஷயம், பயந்து கொடுத்துவிடுவான் என்று கணக்கு. ரஷ்யாவை அவன் பக்கம் இழுத்துவிட்டான். பின்வாங்கியிருக்கலாம், நானோ படையைத் திரட்டிவிட்டேன். திரட்டிய படை ஒரு குண்டும் சுடுவதற்கு முன்பே செலவு வைக்கிறது. துப்பாக்கி, வெடிமருந்து, தானியம் எல்லாவற்றையும் சந்தையிலிருந்து உறிஞ்சுகிறது, தானிய விலை ஏறுகிறது, நகரத்துத் தொழிலாளி கொதிக்கிறான். இரண்டு வருடம் அடித்துக்கொண்டோம். ஒரு அடி நிலமும் கைமாறாமல் சமாதானம். திரும்பிப் பார்த்தால் கருவூலம் காலி, மக்கள்தொகைப் பட்டியலில் செத்தவர்கள் போக, காயம்பட்டுப் பிறரை நம்பி வாழ்பவர்களின் எண்ணிக்கை தனியாக ஏறியிருக்கிறது. அந்த ஒற்றை எண்ணை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1914 ஜூலையும் இப்படித்தானே நடந்தது? 23-ஆம் தேதி ஆஸ்திரியா செர்பியாவுக்குக் கெடு வைக்கிறது, 28-இல் போர் அறிவிக்கிறது, 30-இல் ரஷ்யா முழுப் படையையும் திரட்ட உத்தரவிடுகிறது, ஆகஸ்ட் 1-இல் ஜெர்மனி ரஷ்யா மீது போர் அறிவிக்கிறது. ஒவ்வொருவரும் எதிராளிதான் பின்வாங்குவான் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: சண்டைக்களத்தில் படையை ஒவ்வொன்றாக நகர்த்த முடியாது, தளபதியை முனைக்கு அனுப்புவதோடு சரி. ரோம் 2 ஆடியவருக்குக் கை கட்டிப் போட்டது போல இருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது, அரசனுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

சில்லறைக்கணக்கு எழுதியது:

வாங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூட்டையாக வாங்காதீர்கள். அடிப்படை ஆட்டத்தைத் தள்ளுபடியில் வாங்கி, ஒரு முழு ஆட்டம் தோற்று முடியுங்கள். எது குறைகிறது என்று அப்போதுதான் தெரியும், அந்த டிஎல்சியை மட்டும் வாங்குங்கள்.

ஸ்டீம் என்கிற இணையக் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். வியூக ஆட்டத்துக்கு அந்த 2 மணி நேரம் எம்மாத்திரம்? டியூட்டோரியல் முடியவே போதாது. அதனால் அந்த நேரத்தை ஆட்டம் கற்கச் செலவிடாதீர்கள். உங்கள் கணினியில் ஓடுகிறதா, எழுத்து படிக்க முடிகிறதா, வேகத்தைக் கூட்டினால் திணறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆடக் கற்பதை யாராவது ஆடும் நீண்ட வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம்.

ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-க்கும் யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4-க்கும் மாதச் சந்தா இருக்கிறது, டிஎல்சிகளை அதில் திறந்து பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம். பலருக்குத் தெரியாத இன்னொன்று: இந்த ஆட்டங்களில் மல்டிபிளேயர் நடத்துபவரிடம் இருக்கும் டிஎல்சியைச் சேர்ந்து ஆடும் எல்லோரும் பயன்படுத்தலாம். நண்பர்களில் ஒருவர் வாங்கினால் போதும்.

முன்பதிவு வேண்டவே வேண்டாம். ரோம் 2-வே 2013 செப்டம்பரில் வந்தபோது எந்த நிலையில் இருந்தது, ஒரு வருடம் கழித்து எம்பரர் எடிஷனாக இலவசமாக மாறியபோது எந்த நிலையில் இருந்தது? பொறுத்தவர்கள் நல்ல ஆட்டத்தை ஆடினார்கள், விலையும் குறைவு.

ஆற்றங்கரை எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு உறுத்தியிருக்கிறது, 2022 பிப்ரவரியில். கீவைச் சுற்றி நான் அம்பு இழுத்திருந்த அதே வரைபடம் செய்தியில் வந்தது. இரண்டு மாதம் அந்த ஆட்டத்தைத் திறக்கவில்லை. ஆட்டம் தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். நின்டெண்டோ அதே ஆண்டு அட்வான்ஸ் வார்ஸ் என்ற போர் ஆட்டத்தின் புதிய பதிப்பைத் தள்ளி வைத்தது, 2023 ஏப்ரலில்தான் வெளியிட்டது.

இந்த வரைபட ஆட்டங்கள் பொய் சொல்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த உயரத்திலிருந்து பார்க்கிறோம் என்பது முக்கியம். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் இரண்டாம் உலகப் போர் முழுக்க இருக்கிறது, யூத இனப்படுகொலை இல்லை. அதை ஆடும் பொருளாக்கக் கூடாது என்பதால் விட்டிருக்கிறார்கள், அது சரியான முடிவுதான். அதனாலேயே, ஆடுகிறவர் அதைத் தன் மனதில் வைத்துக்கொண்டு ஆட வேண்டியிருக்கிறது.

திஸ் வார் ஆஃப் மைன் ஆடிப் பாருங்கள். 2014, போலந்துக்காரர்கள் செய்தது. 1992 முதல் 1996 வரை நடந்த சரயேவோ முற்றுகைதான் அதற்குத் தூண்டுதல். படையும் கிடையாது, வரைபடமும் கிடையாது. இடிந்த வீட்டில் சில சாதாரண மனிதர்கள், இரவில் ஒருவர் வெளியே போய்ச் சாப்பாடும் மருந்தும் தேடி வர வேண்டும். ஒரு வீட்டில் வயதான தம்பதி மட்டும் இருப்பார்கள், மருந்தும் இருக்கும். எங்கள் வீட்டில் ஒருத்திக்குக் காய்ச்சல். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கிழவர் எதிர்க்கவில்லை, பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை, திருடி வந்தவன் வேலை செய்ய மறுத்து உட்கார்ந்துவிட்டான். காய்ச்சல்காரி பிழைத்துவிட்டாள். நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தண்டவாளம் எழுதியது:

நடுவழி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், சமாதான மாநாடு பலவீனம்தான். ஆனால் கை கட்டிப் போட்ட சண்டையை நான் ஏற்கவே மாட்டேன். இடையில் வேண்டுமென்றால் யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 பாருங்கள். அதில் வேகமாக நிலம் விழுங்கினால் சுற்றியுள்ள நாடுகளின் பகை ஏறி, அது 50-ஐத் தொட்ட நாடுகள் ஒரே கூட்டணியாகச் சேர்ந்து உங்கள் மேல் விழலாம். அந்தப் பகை குறைய ஆட்டத்தில் பல வருடங்கள் ஆகும், அதற்குள் அடுத்த போரைத் தொடங்க முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். உங்கள் மறதிப் பிரச்சினைக்கு ஓரளவு பதில் அது.

கோட்டைவாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விக்டோரியா 3 அடிப்படை ஆட்டம் மட்டும் வாங்கினேன், டிஎல்சி எதுவும் இல்லை. சில்லறைக்கணக்கு சொன்னபடி முதல் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தேன், ஓடுகிறது. ஸ்வீடனாகத் தொடங்கியிருக்கிறேன். டென்மார்க்கிடம் ஒரு கோரிக்கை வைத்தேன், பிரிட்டன் அவன் பக்கம் சாய்வது தெரிந்ததும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆட்டத்தில் நானாகவே பின்வாங்கினேன். ஆட்டத்தில் வருடம் 1851, இன்னும் சலிக்கவில்லை.

ஆற்றங்கரை, நீங்கள் சொன்னதையும் விஷ்லிஸ்ட்டில் போட்டிருக்கிறேன். அதை ஒரு வார இறுதியில் தனியாக உட்கார்ந்துதான் ஆட வேண்டும் போலிருக்கிறது. நடுவழி, நெருக்கடி நேரத்தில் வாக்குறுதி கொடுத்து வல்லரசை இழுக்கும்போது கடனைத் தலையில் போட்டுக்கொள்வது நல்லதா, நிலத்தைத் தருவதாகச் சொல்வது நல்லதா? பிரான்ஸ் இரண்டுக்கும் தயாராக இருக்கிறது.