திருவொற்றியூர் டு சோழிங்கநல்லூர் தினசரி ஓட்டம்: 25 யூனிட் பேட்டரியா, 35 யூனிட்டா?

ஒற்றியூர்வாசி:
வணக்கம். வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம், வேலை சோழிங்கநல்லூரில். போக வர சுமார் 70 கிலோமீட்டர். ஷிப்ட் முடியும் நேரத்துக்கு மெட்ரோ கிடைப்பதில்லை. செகண்ட் ஹேண்டில் 2024 மாடல் டாடா பஞ்ச் ஈ.வி. (மின்சாரக் கார்) பார்த்து வைத்திருக்கிறேன். 25 யூனிட் (kWh) பேட்டரிக்கு கம்பெனி சொன்ன ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், 315 கி.மீ., 35 யூனிட்டுக்கு 421. பெரியதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய பணம் எனக்குப் பெரிய தொகை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திண்டிவனம் போவோம். வாடகை வீடு, வண்டி நிறுத்த இடம் உண்டு, ஆனால் சார்ஜ் ஏற்ற 15 ஆம்பியர் பாயிண்ட் போட ஹவுஸ் ஓனர் இன்னும் சரி சொல்லவில்லை. எதை எடுக்கலாம்?

மணலி மின்பணி:
25 போதும் தம்பி. 315 என்பது சோதனைக்கூடக் கணக்கு, அதை மறந்துவிடுங்கள். நம்ம ஊர் வெயிலில் ஏ.சி. போட்டு நகருக்குள் ஓட்டினால் யூனிட்டுக்கு 7 முதல் 8 கி.மீ. வரும். ஒரு நாளைக்கு 10 யூனிட் செலவு என்று வையுங்கள். 15 ஆம்பியர் பாயிண்டில் நான்கு மணி நேரம் போட்டால் அது திரும்பி வந்துவிடும். பாதிக்கு மேல் எப்போதும் சும்மா கிடக்கப் போகிற பேட்டரிக்கு மேலும் 10 யூனிட் எதற்கு? அந்த எடையையும் நீங்கள்தான் தினமும் சுமக்க வேண்டும்.

ராயபுரம் கலை:
அண்ணே, உங்கள் கணக்கு முழுக்க அந்தப் பாயிண்டை நம்பி நிற்கிறது. அதுதான் அவரிடம் இல்லையே! பாயிண்ட் இல்லாதவர் 25 எடுத்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பொது சார்ஜரில் போய் நிற்க வேண்டும். 35 என்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வருகிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் என்ன செய்வார்?

மணலி மின்பணி:
டிராபிக்கில் நிற்கும்போது மோட்டார் கரண்டை இழுக்காது. ஏ.சி. மட்டும் மணிக்கு ஒரு யூனிட் அளவுக்கு எடுக்கும். இரண்டு மணி நேரம் நின்றாலும் ரேஞ்சில் 15 கி.மீ. குறையும், அவ்வளவுதான். லாரி வரிசைக்குப் பயந்து பெரிய பேட்டரி வாங்க வேண்டாம்.

பெரம்பூர் நெடுஞ்சாலை:
டிராபிக்கை விடுங்கள், திண்டிவனத்தைப் பாருங்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். திண்டிவனம் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் பிடித்தால் யூனிட்டுக்கு 6 கி.மீ. கிடைப்பதே பெரிது. 25 யூனிட்டில் 150. திருவொற்றியூரிலிருந்து திண்டிவனம் எப்படியும் 130-க்கு மேல். குடும்பத்தோடு போகிறவர் கடைசி 20 கி.மீ. ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

மணலி மின்பணி:
80-இல் போகட்டும், மேல்மருவத்தூர் பக்கம் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும். வருடத்தில் ஆறு பயணத்துக்காக மீதி நாளெல்லாம் வட்டி கட்டுவது நியாயமே இல்லை. ஓனர் விஷயத்துக்கு வருகிறேன், முக்கியமானது அதுதான். அவர் வீம்புக்கு மறுக்கவில்லை. உங்கள் வண்டி இரண்டு மாதத்தில் 450 யூனிட்டுக்குப் பக்கம் எடுக்கும். அது அவர் மீட்டரில் சேர்ந்து 500-ஐத் தாண்டினால், 200 யூனிட் வரை கிடைக்கும் மலிவு விலையும் அவருக்குப் போய்விடும், மொத்த பில்லும் ஏறும். வண்டிக்கு மட்டும் தனியாக ஒரு சப் மீட்டர் வைத்து, அந்த ஏற்றத்தையும் சேர்த்துத் தருகிறேன் என்று கணக்கெழுதிக் காட்டுங்கள். 35-க்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியில் தனி வயர், தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல எர்த் எல்லாம் போட்டுவிடலாம். நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த்தை முதலில் சோதிக்க வேண்டும். அது சரியில்லையென்றால் பல சார்ஜர்கள் ஓடவே மறுக்கும்.

ராயபுரம் கலை:
ஓனர் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாடகை வீடு மாறும். அடுத்த வீட்டில் பாயிண்ட் கிடைக்குமா? கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை சந்துகளில் வண்டி தெருவில்தான் நிற்கும். அப்புறம் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை நினைத்துப் பாருங்கள். பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது பேட்டரியில் மிச்சம் இருப்பதுதான் கைகொடுக்கும்.

மணலி மின்பணி:
புயல் எச்சரிக்கை வந்ததும் முழு சார்ஜ் ஏற்றி வண்டியை மேடான இடத்தில் நிறுத்துவதுதான் வழி. தேங்கிய தண்ணீரில் 35-ஐயும் இறக்கக் கூடாது.

ஒற்றியூர்வாசி:
மிக்க நன்றி. சப் மீட்டர் கணக்கோடு ஓனரிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். ஒத்துக்கொண்டால் 25, இல்லையென்றால் 35 என்று நினைக்கிறேன்.

பெரம்பூர் நெடுஞ்சாலை:
எதை எடுத்தாலும், எட்டு வருடம் அல்லது 1,60,000 கி.மீ. பேட்டரி வாரண்டி இரண்டாவது உரிமையாளருக்கும் வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் ரிப்போர்ட் எடுக்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

ராயபுரம் கலை:
ஓனர் சரி சொன்னாலும் என் ஓட்டு 35-க்குத்தான். நாலைந்து வருடம் கழித்துத் தேய்ந்த 25 எவ்வளவு தரும் என்பதையும் அந்தக் கணக்கில் எழுதிப் பாருங்கள்.