தைப்பூசத் தேங்காய்: ஆளுக்கு ஒன்று போதாதா?

கெராமாட்காரன்:
பினாங்கில் பூசத்துக்கு முதல் நாள் ரதம் எங்கள் டத்தோ கெராமாட் சாலையைத் தாண்டுவதற்குள் கால் வைக்க இடம் இருக்காது, ரதத்துக்கு முன் உடைத்த தேங்காய்களின் சிரட்டை அத்தனை. மண்வாரி இயந்திரம் வைத்து அள்ளுகிறார்கள். 1894இலிருந்து வெள்ளி ரதம். 2017இல் தங்க ரதமும் சேர்ந்தது, குவியலும் கூடியது. தின்கிற பொருளை ரோட்டில் வீசுவதா பக்தி? மனதுக்குள் கும்பிட்டால் முருகன் கேட்க மாட்டாரா?

தண்ணீர்மலை_வேலன்:
அண்ணே, உங்களுக்கு அது குப்பை, எங்கள் வீட்டுக்கு நேர்த்திக்கடன். அக்காவுக்கு ஏழு வருடம் குழந்தை இல்லை. அம்மா 108 தேங்காய் நேர்ந்துகொண்டார். இப்போது அக்கா மகள் பள்ளிக்கூடம் போகிறாள். 107ஐத் தள்ளுபடி செய்யச் சொல்கிறீர்களா? பக்கத்தில் சீனர்களும் குவியலில் ஊதுபத்தி செருகிக் கும்பிட்டுவிட்டுத்தான் உடைக்கிறார்கள். அவர்களிடமும் போய்ச் சொல்லுங்கள்!

கெராமாட்காரன்:
அம்மா 108 உடைக்கட்டும். பேனர் கட்டி, லாரியில் இறக்கி, போட்டோ எடுக்கிற முதலாளி யாரிடம் கடன்பட்டார்?

மோர்ப்பந்தல்:
எங்கள் கொள்ளுத்தாத்தா 1929இல் பெரியார் மலாயா வந்தபோது பேச்சு கேட்கப் போனவர். அதிலிருந்து வீட்டில் சாமி படம் கிடையாது. ஆனால் பூசத்தன்று தாத்தா விடியற்காலை மூன்று மணிக்கே பக்தர்களுக்கு மோர் கரைக்க உட்கார்ந்துவிடுவார். கேட்டால், "தாகத்துக்குச் சாமி உண்டா?" என்பார். கோயிலுக்குள் ஒரு நாளும் போனதில்லை. இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

பால்குடம்_அக்கா:
மனதுக்குள் கும்பிடச் சொல்லும் தம்பிக்கு: நானும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவள்தான். கண்ணை மூடினால் வீட்டுக்கடன், மாமியார், நாளைய சமையல். தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி. 300 வரை எண்ணினேன். அப்புறம் எண்ணிக்கை விட்டுப்போனது. தலைக்கு மேல் பால் தளும்பும் சத்தம் மட்டும் கேட்டது. கால் வலித்த பிறகுதான் எனக்கு மனது வாய் மூடியது.

கெராமாட்காரன்:
அக்கா, பால்குடத்தை நான் குறை சொல்லவே இல்லை. விரதம், அலகு, காவடி எல்லாம் அவரவர் உடம்பு, அவரவர் பாடு. தேங்காய் அப்படியில்லை. வழுக்கி விழுகிறவன் வேறொருவன். எண்ணிக்கையைக் குறையுங்கள் என்றுதான் இன்னமும் சொல்வேன்.

தண்ணீர்மலை_வேலன்:
சரி அண்ணே. முதல் நாள் காலையில் உங்கள் சாலையில்தான் நிற்போம், சிவப்பு வேன். அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

கெராமாட்காரன்:
அம்மாவிடமா? வேண்டாம் தம்பி, கையில் தேங்காய் வைத்திருப்பார்.