மீன் குழம்பு எளிதில் செரிக்கிறது; ஆட்டுக்கறி மட்டும் ஏன் மாலைவரை கனக்கிறது?

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்):
எழுபதை நெருங்கும் என் தந்தையார் சங்கரா மீன் குழம்பும் சோறும் உண்டால் பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் பசிக்கிறது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வறுவல் உண்டாலோ, விளக்கு வைக்கும் நேரத்திலும் வயிறு கல் போல் இருப்பதாகச் சொல்லி இரவு உணவை மறுத்துவிடுகிறார். கறியை அடியோடு நிறுத்திவிடலாமா?

முத்தியால்பேட்டை ஆசிரியை (புதுச்சேரி):
ஐயா, அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். முதுமையில் தசை கரையாமலிருக்கப் புரதம் மிகவும் தேவை. இரைப்பை, கட்டியான உணவை அமிலத்தோடும் புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்னும் நொதியோடும் பிசைந்து, ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களாக்கிய பிறகே சிறுகுடலுக்குள் விடும் என்பதால், வழக்கமான சாப்பாடு இறங்கவே 3 முதல் 4 மணி நேரம் பிடிக்கும். மீனின் தசைநார்கள் குட்டையானவை. அவற்றைப் பிணைக்கும் சவ்வும் மெல்லியது என்பதால் வெந்ததும் உதிர்ந்துவிடுகிறது. ஆட்டுக்கறியில் சவ்வு அதிகம். அதனினும் பெரிய காரணம் கொழுப்பு: அது சிறுகுடலைத் தொட்டவுடன் கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோன் சுரந்து, பித்தநீர் வந்து கொழுப்பைப் பக்குவப்படுத்தும்வரை இரைப்பையின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. அதே சங்கராவை எண்ணெயில் பொரித்துக் கொடுத்தால் அதுவும் கனக்கவே செய்யும்.

தேவனாம்பட்டினத்தான்:
இதைக் கண்ணாலேயே பார்த்தவர் ஒருவர் உண்டு. 1822இல் அமெரிக்காவின் மேக்கினா தீவில் குண்டடிபட்ட அலெக்சி செயின்ட் மார்ட்டின் என்ற கூலித்தொழிலாளியின் வயிற்றில் ஆறாத துளை நின்றுவிட, மருத்துவர் வில்லியம் போமான்ட் உணவைப் பட்டு நூலில் கட்டி அதன் வழியே இறக்கி ஆராய்ந்தார். 1833இல் அவர் வெளியிட்ட அட்டவணையில் வெந்த அரிசிக்கு 1 மணி நேரம், வறுத்த பன்றி இறைச்சிக்கு 5¼ மணி நேரம் என்று காண்கிறது. அந்த ஏழைத் தொழிலாளி பட்ட பாட்டால் அல்லவா நாம் இவ்வளவும் அறிந்தோம்.

கெடிலக்கரை:
இருவருக்கும் நன்றி. விசாரித்தபோதுதான் தெரிந்தது: பல்செட் பொருந்தாததால் அப்பா கறித்துண்டுகளை அரைகுறையாக மென்று விழுங்கி வந்திருக்கிறார்.

முத்தியால்பேட்டை ஆசிரியை:
அப்படியானால் பல் செய்ய வேண்டிய வேலையையும் இரைப்பையே செய்திருக்கிறது. பல்செட்டைச் சரிசெய்யும்வரை கொழுப்பு நீக்கிய கறியைக் கொத்துக்கறியாக்கி, நன்றாக வேகவைத்து, மதியத்தில் சிறிதளவு கொடுங்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயும் இரைப்பையை மந்தமாக்கும் என்பதால் அதையும் பரிசோதியுங்கள். நாலு வாய் உண்டதுமே வயிறு நிறைவது, எடை குறைவது, மலம் கறுத்துப் போவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.