எக்மோ (இதயம், நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் இயந்திரம்) ஓடும்போது நோயாளியின் காலைத் தொட்டுப் பார்த்தீர்களா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஐசியூ செவிலியர்:

கேஷுவாலிட்டியிலேயே இதயம் நின்றுபோன ஒருவர், நாற்பதுகளில் வயது. அரை மணி நேரம் சிபிஆர் கொடுத்தும் துடிப்பு திரும்பவில்லை. மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்போதே வலது தொடையிடுக்கில் எக்மோ குழாய்கள் இரண்டையும் போட்டார்கள். அப்புறம் கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்துச் சரிசெய்யும் அறை), ஸ்டென்ட், ஐசியூ.

மானிட்டரில் எல்லாம் நன்றாக இருந்தது. நான்கு மணி நேரம் கழித்துத்தான் போர்வையை விலக்கிக் காலைத் தொட்டேன். இடது கால் வெதுவெதுப்பு. வலது கால் முழங்காலுக்குக் கீழே சில்லென்று இருந்தது, நகங்கள் வெளுத்துப்போயிருந்தன. டாப்ளர் (ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கருவி) வைத்தால் சத்தமே இல்லை. மயக்க மருந்தில் இருப்பவர் கால் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வார்? அந்த நான்கு மணி நேரம் இன்னும் என்னை உறுத்துகிறது.

17 ஃப்ரெஞ்ச் (குழாயின் தடிமனைச் சொல்லும் அளவு) கேனுலா, அதாவது தமனிக்குள் போடும் எக்மோ குழாய் என்றால் கிட்டத்தட்ட 6 மி.மீ. தடிமன். பலருக்குத் தொடைத் தமனியே அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. குழாய் ரத்தத்தை மேலே இதயப் பக்கம் தள்ளுகிறது, கீழே காலுக்குப் போகும் வழியை அதுவே அடைத்துக்கொள்கிறது. ரத்த அழுத்தத்தை ஏற்றக் கொடுக்கும் நோர்அட்ரினலின் மருந்து வேறு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அதனால்தான் காலுக்கென்று ஒரு சின்னக் குழாயைக் கீழ்நோக்கித் தனியாகப் போடுவது. அன்று "அப்புறம் போடலாம்" என்று விட்டிருந்தார்கள்.

ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் வந்து அதைப் போட்டார். ரத்தம் திரும்பியதும் கெண்டைக்கால் வீங்கிக் கல் போல இறுகியது. தசை உறையைக் கீறித் திறந்துவிட வேண்டியதாயிற்று. கால் தப்பியது, ஆனால் பாதத்தைத் தூக்க வரவில்லை. இன்றும் பட்டை கட்டித்தான் நடக்கிறார்.

இப்போது முதல் மணியிலிருந்தே, மணிக்கு ஒருமுறை இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். டாப்ளர் கேட்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைக்கிறேன். இதயம் துடிக்காதபோது 'டுப் டுப்' கேட்காது, 'ஸ்ஸ்' என்ற தொடர் இரைச்சல்தான் வரும். புதிதாக வருபவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு கெண்டைக்காலிலும் நிர்ஸ் பட்டை (தசையில் ஆக்சிஜன் அளவை எண்ணாகக் காட்டும் சென்சார்) ஒட்டுகிறோம். ஒரு பக்கம் மட்டும் எண் இறங்கினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுவோம்.

எக்மோ போடும் மருத்துவர்:

சிஸ்டர், அந்த "அப்புறம்" எங்களிடமும் நடந்திருக்கிறது. மருந்துகளால் தமனி சுருங்கியபின் கீழ்நோக்கி ஊசி ஏற்றுவது மிகவும் கஷ்டம். பெரிய குழாய் போட்ட கையோடு 6 அல்லது 7 ஃப்ரெஞ்சில் சின்னதையும் போட்டுவிடுகிறோம், அல்ட்ராசவுண்டில் பார்த்துத்தான். சிபிஆரின்போது தமனி ரத்தமும் கறுப்பாக வரும், சிரையும் துடிப்பது போலத் தெரியும், அதனால் நிறத்தை நம்பி இறங்காதீர்கள். தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலே குத்த வேண்டும். சிறிய உடல்வாகு உள்ள பெண்களுக்கு 15 ஃப்ரெஞ்சே போதும். முடிந்தால் தமனிக்கு ஒரு கால், சிரைக்கு மறு கால்.

பெர்ஃப்யூஷனிஸ்ட் (எக்மோ இயந்திரத்தை இயக்குபவர்):

சின்னக் குழாய் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தபோது அது கட்டுக்கு அடியில் மடங்கிவிட்டது. 20 நிமிடம் யாருக்கும் தெரியவில்லை, நிர்ஸ் எண் இறங்கியபிறகுதான் கண்டுபிடித்தோம். அதிலிருந்து உள்ளே தெரியும் டிரெஸ்ஸிங் மட்டுமே ஒட்டுகிறோம். திருப்பும்போது ஒருவர் அந்தக் குழாயை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பார், அவருக்கு வேறு வேலை கொடுப்பதில்லை.