கடலை எண்ணெயில் ஒமேகா-3 ஏற்ற நுண்ணுயிர் நொதி உதவுமா?

கேள்வி (ஆத்தூர்):
வணக்கம். எங்கள் செக்கில் ஆட்டும் கடலை எண்ணெயில் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் ஏறக்குறைய இல்லை என்பதால், லைப்பேஸ் என்னும் நுண்ணுயிர் நொதியைக் கொண்டு அதனைச் சேர்க்க இயலுமா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (சேலம்):
இயலும் ஐயா. ரைசோமியூக்கர் மீஹெய் என்ற பூஞ்சையின் லைப்பேஸ், எண்ணெயின் அடிப்படையான, மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த டிரைகிளிசரைடு மூலக்கூறின் இரு ஓரங்களிலுள்ள கொழுப்பு அமிலங்களை விடுவித்து, ஒமேகா-3 மிகுந்த ஆளி விதை எண்ணெயிலிருந்து பிரித்துக் கலந்த கொழுப்பு அமிலங்களை அங்கே பொருத்துகிறது. நடு இடம் பெரும்பாலும் மாறுவதில்லை. ஈரம் மிகுந்தால் அதே நொதி எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும் ஆகையால், நீரளவைக் கட்டுப்படுத்துவதே இதில் முதன்மையானது. 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். நொதியை ரெசின் மணிகளில் நிலைநிறுத்தினால் மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்.

மறுமொழி (ஏற்காடு):
செக்குக்கூடத்தில் இதனைச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மூலக்கூறில் பொருந்தாமல் எஞ்சும் தனிக் கொழுப்பு அமிலங்களை வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து நீக்கும்போது, மக்கள் விரும்பி வாங்கும் கடலை மணமும் போய்விடும். மேலும், ஒமேகா-3 மிகுந்த எண்ணெய் விரைவில் சிக்கு வாடை அடிக்கும், பொரிப்பதற்கும் ஏற்றதன்று.

கேட்டவர்:
நன்றி. அவ்வாறெனில் ஆளி விதையைப் பொடியாகத் தனியே விற்பதையே எண்ணிப் பார்க்கிறேன்.