ஜாவா ஜிஆர்பிசி: தொடங்கிய சில விநாடிகளில் எல்லா ஒத்திசையா அழைப்புகளும் டெட்லைன் பிழை தருகின்றன

சரக்கறை:
வணக்கம். ஜிஆர்பிசி (வேறு கணினியில் ஓடும் நிரலை அழைக்கும் முறை) வழியே கிடங்கு இருப்பை விசாரிக்கும் ஜாவா கிளையன்ட் நிரல் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. ஒரு கோப்பில் ஆயிரக்கணக்கான பொருள் குறியீடுகள். ஒவ்வொன்றையும் உள்ளூர் தரவுத்தளத்தில் சரிபார்த்துவிட்டு, சர்வரிடம் ஓர் அழைப்பு. இதுவரை பிளாக்கிங் ஸ்டப்தான் (ஸ்டப் என்பது சர்வரை அழைக்க உதவும் கிளையன்ட் பக்கப் பொருள்; பிளாக்கிங் வகை பதில் வரும்வரை காத்திருக்கும்). ஓர் அழைப்புக்கு 40 மில்லி விநாடி என்றால் ஆயிரம் குறியீட்டுக்கு 40 விநாடி வெறுங்காத்திருப்பு. அதனால் காத்திருக்க வைக்காமல் பதிலைப் பின்னர் தரும் ஃபியூச்சர் ஸ்டப்புக்கு மாற்றினேன்.

தொடங்கியதும் பதில்கள் மளமளவென்று வருகின்றன. சற்று நேரத்தில் ஒரே வெட்டாக நின்றுவிடுகின்றன. அதன்பின் போகும் ஒவ்வோர் அழைப்பும் 'டெட்லைன் எக்சீடட்' (காலவரம்பு கடந்தது). காத்திருந்து தோற்பதில்லை, அழைத்த கணமே தோற்கிறது. நிரலை மூடித் திறந்தால் மீண்டும் சரியாக ஓடுகிறது. டெட்லைன், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் வரம்பு, 5 விநாடி. அலுவலக நிரல் என்பதால் அப்படியே ஒட்ட இயலாது; கேட்பதைச் சொற்களில் சொல்கிறேன்.

வடக்குவாசல்:
சர்வர் திணறுகிறது. டெட்லைனை 30 விநாடி ஆக்கிப் பாருங்கள்.

சரக்கறை:
ஆக்கினேன். இப்போது அரை நிமிடம் ஓடிவிட்டு நிற்கிறது. சர்வர் பதிவில் பிழை எதுவும் இல்லை. தோற்ற அழைப்புகள் அங்கே வந்து சேர்ந்த தடயமே இல்லை.

வடக்குவாசல்:
அப்படியானால் இடையில் ஃபயர்வால் இணைப்பைத் துண்டிக்கிறது. அல்லது டெட்லைனையே எடுத்துவிடுங்கள், தொல்லை தீர்ந்தது.

திருப்புளி:
ஃபயர்வாலுக்கு நீங்கள் எழுதிய டெட்லைன் எப்படித் தெரியும்? 5 கொடுத்தால் 5 விநாடியில் நிற்கிறது, 30 கொடுத்தால் 30 விநாடியில் நிற்கிறது. கோளாறு கிளையன்டுக்குள் இருக்கிறது. டெட்லைனை எடுக்கவும் வேண்டாம். எடுத்தால் ஜிஆர்பிசி வரம்பின்றிக் காத்திருக்கும், பதிலே வராத ஓர் அழைப்பு நிரலை முழுக்கத் தொங்கவிட்டுவிடும்.

சரக்கறை அவர்களே, இரண்டு தகவல்கள் வேண்டும். பிழையின் பெயர் மட்டும் போதாது, முழு வரியில் என்ன இருக்கிறது? டெட்லைனை நிரலில் எந்த இடத்தில் வைக்கிறீர்கள்?

சரக்கறை:
அழைப்பு தொடங்கும்போதே டெட்லைன் கடந்துவிட்டது என்ற பொருளில் ஒரு வரி, அதில் மைனஸ் குறியுடன் விநாடிக் கணக்கு. அடுத்தடுத்த அழைப்புகளில் அந்த மைனஸ் எண் பெரிதாகிக்கொண்டே போகிறது. இது வேறு ஏதோ உள்கணக்கு என்று விட்டுவிட்டேன்.

டெட்லைனை வகுப்பின் கன்ஸ்ட்ரக்டரில் (பொருள் உருவாகும்போது ஒருமுறை மட்டும் ஓடும் பகுதியில்) வைக்கிறேன். சேனலை (சர்வருக்கான இணைப்பை) உருவாக்கி, ஃபியூச்சர் ஸ்டப்பை எடுத்து, அதன் மேல் 'வித்டெட்லைன்ஆஃப்டர்' அழைத்து, வருவதை ஒரு ஃபீல்டில் சேமிக்கிறேன். பிறகு எல்லா அழைப்பும் அந்த ஸ்டப்பின் வழியேதான். ஒவ்வோர் அழைப்புக்கும் 5 விநாடி என்ற பொருளில்தான் எழுதினேன்.

திருப்புளி:
அந்த மைனஸ் எண்தான் முழு விடையும்.

'வித்டெட்லைன்ஆஃப்டர்' 5 விநாடி என்ற நீளத்தை ஸ்டப்பில் எழுதிவைப்பதில்லை. அதை அழைக்கும் கணத்தோடு 5 விநாடியைக் கூட்டி, கடிகாரத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்ட புதிய ஸ்டப்பைத் தருகிறது. பால் பாக்கெட்டில் அச்சிட்ட தேதி போல: அடைத்த நாளிலிருந்து ஓடுமே தவிர, நீங்கள் கத்தரிக்கும் நாளிலிருந்து அல்ல. உங்கள் ஸ்டப்பின் கெடு, நிரல் தொடங்கிய ஐந்தாம் விநாடியில் முடிந்துவிட்டது. அதன்பின் அந்த ஸ்டப்பைத் தொடும் அழைப்புகளை ஜிஆர்பிசி கம்பியில் ஏற்றுவதே இல்லை. சர்வர் பதிவில் தடயம் இல்லாததற்கும் காரணம் அதுவே.

தீர்வு ஒரு வரி மாற்றம்தான். டெட்லைன் இல்லாத ஸ்டப்பை ஃபீல்டில் வையுங்கள். ஒவ்வோர் அழைப்பின்போதும் அதன்மேல் 'வித்டெட்லைன்ஆஃப்டர்' அழைத்து, கிடைக்கும் புது ஸ்டப்பில் உடனே அழையுங்கள். ஸ்டப் மிக இலகுவான பொருள், ஆயிரம் முறை புதிதாக எடுத்தாலும் கவலையில்லை. கனமானது சேனல்; அதை மட்டும் ஒன்றாக வைத்துப் பகிருங்கள். எல்லா இடத்திலும் எழுத மறந்துபோகும் என்றால் ஒரு கிளையன்ட் இன்டர்செப்டர் (ஒவ்வோர் அழைப்பையும் இடைமறிக்கும் நிரல்) எழுதி, அங்கே அழைப்புதோறும் டெட்லைனைச் சேர்க்கலாம்.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்று எரிச்சல் வரலாம். உங்கள் அழைப்பை ஏற்ற சர்வர் வேறொரு சர்வரை அழைக்கும்போது, மிச்சமிருக்கும் நேரத்தைத்தான் கடத்த வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக 5 விநாடி தொடங்கினால் முதலில் கேட்டவர் எப்போதோ போயிருப்பார். அதற்குப் புள்ளிதான் தோது. ஆனால் இரண்டு இயந்திரங்களின் கடிகாரம் ஒன்றாக இராது என்பதால், கம்பியில் போகும்போது மட்டும் 'இன்னும் இவ்வளவு நேரம்' என்ற நீளமாக மாறிப் போகிறது. பெயரில் உள்ள 'ஆஃப்டர்' எல்லாரையும் ஏமாற்றுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சரக்கறை:
ஓடுகிறது! நன்றி ஐயா. ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். கோப்பின் கடைசிச் சில குறியீடுகளுக்குப் பதில் பதிவாவதில்லை. பிழையும் இல்லை, நிரல் அமைதியாக முடிந்துவிடுகிறது. இன்னொன்று, தரவுத்தளச் சரிபார்ப்பை முன்கூட்டியே மொத்தமாக முடித்துவிட்டு அழைப்புகளை ஒரே மூச்சில் அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

கண்ணிவலை:
முதலாவதற்கு நான் சொல்கிறேன். ஜிஆர்பிசி ஜாவாவின் இயல்பான த்ரெட்கள் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) டீமன், அதாவது பின்னணி, வகை. மெயின் த்ரெட் முடிந்ததும், ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் அவற்றுக்காகக் காத்திராது. பிளாக்கிங் ஸ்டப்பில் மெயினே காத்திருந்ததால் இது தெரியவில்லை. ஃபியூச்சர்களை ஒரு பட்டியலில் சேர்த்து, குவாவா என்ற ஜாவா நூலகத்தின் 'சக்ஸஸ்ஃபுல்ஆஸ்லிஸ்ட்' கொண்டு இறுதியில் காத்திருங்கள். 'ஆல்ஆஸ்லிஸ்ட்' வேண்டாம், அதில் ஒன்று தோற்றால் மொத்தமும் தோற்றதாகிவிடும். முன்னதில் தோற்றவற்றின் இடத்தில் வெறும் 'நல்' (null, வெற்று மதிப்பு) இருக்கும். பிறகு சேனலில் 'ஷட்டவுன்', அதன்பின் 'அவெயிட்டெர்மினேஷன்'. 'ஷட்டவுன்நவ்' போட்டால் நடுவழியில் இருக்கும் அழைப்புகள் ரத்தாகும்.

திருப்புளி:
ஒரே மூச்சில் அனுப்பும் யோசனைக்குக் கடிவாளம் தேவை. சர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (கோரிக்கைகளை இடையில் வாங்கிக் கடத்தும் மென்பொருள்) நிற்கிறதா?

சரக்கறை:
ஆம், நிற்கிறது.

திருப்புளி:
ஜிஆர்பிசி பயன்படுத்தும் எச்டிடிபி 2 இணைப்பு ஒன்றில் ஒரே நேரத்தில் எத்தனை ஸ்ட்ரீம் (அழைப்புக்கு ஒன்று) என்பதற்கு எதிர்முனை வரம்பு சொல்லும். என்ஜின்எக்ஸில் அமைப்பை மாற்றாவிட்டால் 128. நீங்கள் 5,000 அழைப்பை வீசினால் 128 போக, மற்றவை உங்கள் கிளையன்டுக்குள்ளேயே வரிசையில் நிற்கும். வரிசையில் நிற்கும்போதும் டெட்லைன் ஓடும். வால்பகுதி மறுபடி அதே பிழையோடு விழும், இந்த முறை காரணம் வேறாக.

ஒரு செமஃபோர் (ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கே அனுமதி என்று கட்டுப்படுத்தும் கருவி) வையுங்கள், 64 அனுமதியில் தொடங்கலாம். அனுமதி கிடைத்த பிறகே டெட்லைன் வைத்து அழையுங்கள். பதில் வந்தாலும் பிழை வந்தாலும் கால்பேக்கில் (முடிவு வந்ததும் ஓடும் பகுதியில்) அனுமதியைத் திருப்பித் தர வேண்டும். பிழைக் கிளையில் மறந்தால், தோற்கும் ஒவ்வோர் அழைப்பும் ஓர் அனுமதியை விழுங்கி, கடைசியில் நிரல் ஓசையில்லாமல் உறைந்துபோகும். அந்தக் கால்பேக்குக்குள் தரவுத்தளத்தில் எழுதுவதாக இருந்தால் 'டைரக்ட்எக்ஸிக்யூட்டர்' (கால்பேக்கை அழைத்த த்ரெட்டிலேயே ஓட்டுவது) பயன்படுத்தாதீர்கள், தனி த்ரெட் பூல் கொடுங்கள்.

இப்போது நீங்கள் இருப்பை விசாரிக்க மட்டும் செய்கிறீர்கள். நாளை இருப்பைக் குறைக்கும் அழைப்பையும் இப்படி மாற்றினால் கவனம்: கிளையன்டில் டெட்லைன் பிழை வந்தால் சர்வரில் வேலை நடக்கவில்லை என்று பொருள் அல்ல. நடந்து முடிந்து, பதில் மட்டும் தாமதமாகியிருக்கலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் சர்வர் இரண்டாம் முறை குறைக்காமல் பழைய பதிலையே தரும்படி செய்யாமல் மறுமுயற்சியைத் தொடாதீர்கள்.

சரக்கறை:
64 அனுமதியோடு கோப்பு முழுவதும் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. கடைசி வரி வரை பதிவாகியிருக்கிறது. கண்ணிவலை அவர்களுக்கும் நன்றி. குறைக்கும் அழைப்பை இப்போதைக்கு பிளாக்கிங்கிலேயே விட்டுவைக்கிறேன்.

புதுவரவு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பைத்தானில் ஸ்டப் முறையின் 'ஃபியூச்சர்' கொண்டு அழைத்து, கால்பேக் சேர்த்திருக்கிறேன். எல்லாமே 'கேன்சல்ட்', விவரத்தில் சேனல் மூடப்பட்டது என்கிறது. நான் எங்குமே மூடவில்லை.

கண்ணிவலை:
சேனலை 'வித்' தொகுதிக்குள் திறந்திருப்பீர்கள். தொகுதி முடிந்ததும் அதுவே மூடிவிடும். பதில்களைத் தொகுதிக்கு உள்ளேயே 'ரிசல்ட்' அழைத்துப் பெற்றுக்கொள்ளுங்கள். தீரவில்லை என்றால் மன்றத்தில் தனி உரையாடல் இழை தொடங்குங்கள், இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.